பத்து காவானுக்கு இரண்டு சக்கரத்தில் போய் ஒன்றில் திரும்பிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை தீவிலுள்ள ஜார்ஜ் டவுனிலிருந்து கடலுக்கு அக்கரையில் இருக்கும் பத்து காவான் என்ற ஊருக்கு சைக்கிளில் போனேன். காரணம் ஒன்றுதான். கடிகாரத்தோடு மட்டும் போட்டி போட்டுத் தனியாக ஓட்டும் இருபது கிலோமீட்டரை அரை மணி நேரத்துக்குள் முடித்தால், அடுத்த மாதப் பந்தயத்துக்கு எங்கள் குழுவில் இடம். முடியாவிட்டால் சாலையோரம் நின்று கைதட்டலாம்.

கூடவே ஜீவாவும் வந்தான். என் வயது, என் குழு, நான் நம்பாத ஆள். மூன்று வாரத்துக்கு முன் அவன் இருக்கைக்குக் கீழே தொங்கும் பையில் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு இரண்டு கிலோ போட்டுவைத்தேன். அவன் மேடேறி மூச்சு வாங்கினான். நான் சிரித்து மூச்சு வாங்கினேன். அதன் பிறகு அவன் பழிவாங்கவே இல்லை. அதுதான் சந்தேகம்.

காலை 6.40க்கு சூலியா தெருவிலிருந்து கிளம்பி, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் படகுத்துறையான ஜெட்டியில் ஏழு மணி ஃபெரியைப் பிடித்தோம். கடலைக் கடக்கப் பதினைந்து நிமிடம். எல்லாரும் தூரத்தில் தெரிந்த கடல் பாலத்தைப் படம் பிடித்தார்கள். நான் என் பிரேக், டயர், இருக்கையின் உயரம் எல்லாவற்றையும் சோதித்தேன்.

"ஏன்டா தண்ணி போத்தல மோந்து பாக்குற?" என்றான் ஜீவா, கறிபாப் மென்றபடி.

"சும்மாதான்."

"நாய் மாதிரி பண்ணாத லா. ஆளுங்க பாக்குறாங்க."

ஃபெரி போய்ச் சேரும் பட்டர்வொர்த்திலிருந்து பிறை, புக்கிட் தம்புன் வழியாகப் பத்து காவான் 24 கிலோமீட்டர். ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. பிறையில் லோரிகள் உரசிக்கொண்டு போகும். இடது ஓரத்தை விடாதீர்கள். பாதி வழியிலேயே என் கால் கனத்தது. பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறதா என்று இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன். சக்கரம் காற்றாடி மாதிரி சுற்றியது. இவ்வளவு நன்றாகச் சுற்றினால் எனக்குப் பயம் வராதா?

தொழிற்பேட்டைச் சாலையில் ரோசலின் அக்கா காத்திருந்தார். அங்குள்ள ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஞாயிறு தோறும் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும், அப்படி இரண்டு சுற்று. ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். முதல் ஐந்து கிலோமீட்டர் 7 நிமிடம் 20 விநாடி, அதாவது 7.20. அடுத்தது 7.35. மூன்றாவது 8.05. கடைசி 8.25. மொத்தம் 31.25. வழக்கமாக 180ஐத் தொடும் இதயத் துடிப்பு 158லேயே நின்றுவிட்டது. ஜீவா 29.48.

மார்பில் கட்டியிருந்த துடிப்புப் பட்டியைக் கழற்றி அவன் முன் நீட்டினேன். "என்னா செஞ்ச இதுல?"

"நானா? இந்தா, என்னோடத கட்டிட்டு ஓட்டு."

அவன் பட்டியைக் கட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். 157.

"நீ ஓய்வு நாள்லயும் திருட்டுத்தனமா ஓட்டுற," என்றேன். "மூணு வாரத்துக்கு முன்ன செவ்வாய்க்கிழமை ஒங்க வீட்டுப் பக்கம் வந்தேன். சைக்கிளக் காணோம்."

"கடையில கெடந்துச்சு லா. நீ போட்ட ஈயத்துல இருக்கைக் கம்பி வளைஞ்சிருச்சு. சரிபண்ண பத்து நாளாச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். "சரி, அவன் ஓட்டுறான்னு நெனச்சு நீ என்னா செஞ்ச?"

டயரில் காற்று பார்க்கிற மாதிரி குனிந்து தப்பப் பார்த்தேன். முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாயும் வெள்ளிக்கிழமையும் ஓய்வு நாள். அந்த நாட்களில் கைக்கடிகாரத்தை அணைத்துவிட்டு மலைமேல் இருக்கும் ஆயர் ஈத்தாம் அணைக்கு ஏறியிருக்கிறேன். மூன்று வாரத்தில் ஆறு தடவை. அக்காவின் போனுக்கு என் கைக்கடிகாரம் அனுப்பும் வரைபடத்தில் நான் ஓய்வெடுத்த பிள்ளையாகப் பச்சையாக இருந்தேன். அதை நம்பி மற்ற நாட்களில் பயிற்சியைக் கூட்டியிருக்கிறார். ஓயாமல் ஓட்டினால் இதயமும் சோர்ந்து, மேலே ஏற மறுக்கும் என்று அப்போதுதான் சொன்னார்.

"பந்தயத்துக்கு ஜீவா போவான். நீ பத்து நாள் சைக்கிளத் தொடக்கூடாது."

"சரிக்கா."

"நீ ஒடனே சரிங்கிறதுதான் சந்தேகமா இருக்கு."

சொல்லிவிட்டு என் முன் சக்கரத்தைக் கழற்றித் தன் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினார். சண்டை போடத் தெம்பில்லை. என்னை ஃபெரி வரை அவரே காரில் கொண்டுவந்து விட்டார். முப்பது நிமிடம் ஆனது.

பட்டர்வொர்த்தில் கட்டணம் இரண்டு வெள்ளி. "சக்கரம் ஒண்ணுதான் இருக்கு அண்ணே, பாதி வாங்குவீங்களா?" என்று கட்டணம் வாங்குபவரிடம் கேட்டேன்.

"ஆளு முழுசாதான இருக்க தம்பி? முழுசா கட்டு."

போகிறவர்களுக்கு: ஞாயிறு காலை ஃபெரியைப் பிடித்து ஒன்பது மணிக்குள் ஓட்டத்தை ஆரம்பியுங்கள், பத்தரைக்கு மேல் கடற்காற்று முகத்தில் அறையும். தொழிற்பேட்டைக்குள் ஞாயிறன்று கடை தேடி அலையாதீர்கள். இரண்டு போத்தல் தண்ணீர் கையோடு வேண்டும். புக்கிட் தம்புனில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தேநீரும் 6.50 வெள்ளி. சும்மா ஏறிய மேட்டையும் பதிவு செய்யுங்கள். கடிகாரத்தை அணைத்தால் கால் மறந்துவிடாது. அடுத்தவன் சைக்கிள் எங்கே என்று தேடுவதற்கு முன் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்று ஐந்தாவது நாள். காலையில் எழுவதற்கு முன் படுத்தபடியே நாடியை எண்ணி அக்காவுக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் 66. இன்று 57. அனுப்பினேன்; நம்பவில்லை, வீடியோ கேட்டார். கழுத்தில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரமும் தெரிகிற மாதிரி ஒரு நிமிடம் எடுத்து அனுப்பினேன்.

"அந்தக் கடிகாரம் ஓடுதா?" என்று பதில் வந்தது.

"அது ஓடுதுக்கா. நான்தான் ஓட்டல."