“சாஃப் பண்ட்டா”

பொன்மலர் அக்கா யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாசற்படியில் ஒரு நிமிடம் நிற்பார். ஒயர் கூடையின் வாயை அகல விரிப்பார். டிபன் டப்பாவைத் திறந்து கவிழ்த்து ஒரு தட்டு தட்டுவார். கைக்குட்டையை உதறி மடிப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்: “அய்ய, இது இன்னா கம்பெனி கேட்டு வாசலா? போடி!”

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அக்காவுக்கு வேலை. தைத்து வரும் அப்பரில், அதாவது ஷூவின் மேல்தோலில், ஒட்டியிருக்கும் பசையை ரப்பரால் தேய்த்து எடுக்க வேண்டும். நான் அங்கேயே பேக்கிங்கில் இருந்தேன். 1998இல் ஒரு நாள் அப்பர் பண்டல் ஒன்று காணாமல் போனது. சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் விசாரித்தபோது, “பொன்மலர் சாஃப் பண்ட்டா” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் சாஃப் என்றால் துடைத்துச் சுத்தம் செய்வது. சூப்பர்வைசரோ, சுருட்டிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். எல்லார் எதிரிலும் அக்காவின் கூடையைக் கொட்டச் சொன்னார், வேலையை விட்டும் நிறுத்தினார்.

மூன்றாம் நாள் பண்டல் வேறு ரேக்கில் கிடைத்தது. அக்காவை மறுபடி வேலைக்கு விட்டார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. “கெடைக்கலடி, அவளே கொண்டாந்து வச்சிட்டா” என்று பேச்சு மட்டும் ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது, “அக்கா, டப்பாவுல இன்னா, ஷூ கொழம்பா?” என்பார்கள். அக்காவும் சிரித்துவைப்பார்.

அவரால் தாங்க முடியாதது ஒன்றுதான். ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சாப்பிட்ட ஜஹீருன்னிசா அந்த வாரமே வேறு வரிசைக்கு மாறிக்கொண்டார். எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

“ஊரே பேசட்டும் டேனியலு. ஜஹீரும் என்னத் திருடின்னு நெனச்சிட்டாளே, அதான் பேஜாரா இருக்கு” என்பார் அக்கா. ஒரு ரம்ஜானுக்கு ஜஹீருன்னிசா வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, கதவு திறக்கவில்லை.

2006இல் அக்கா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு பார்த்தேன், கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே ஜஹீருன்னிசா நின்றிருந்தார். கையசைத்துக் கூப்பிட்டார்.

“அன்னிக்கு சூப்பர்வைசர் பண்டல் எங்கன்னு கேட்டப்ப, சாஃப் பண்ட்டான்னு சொன்னது நாந்தான் தம்பி. பசையத் தொடச்சி வச்சிட்டான்னுதான் சொன்னேன். அவரு கத்துன கத்துல பயந்து வாயத் தொறக்கல. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிகினு அவ எதிர்ல நிப்பேன்? அவ எடுக்கலன்னு மொத நாளே எனக்குத் தெரியும்.”