வந்து இறங்கிய நாள்

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் நான் வேலை பார்த்தபோது, எத்தியோப்பியாவிலிருந்து ஒரு நிட்டிங் மெக்கானிக் வீடியோ காலில் வந்தார். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு வருட ஒப்பந்தம். கெடு தாண்டிப்போன வருமான வரிக் கணக்கை அங்கிருந்தே தாக்கல் செய்ய வேண்டும் என்றார். நரைத்த மீசை, சட்டைக் காலரில் பஞ்சு. எதைக் கேட்டாலும், "ஒரு நிமிசமுங்க" என்று காகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"அந்த வருசம் இந்தியாவுல எத்தன நாள் இருந்தீங்க?" என்று வரிப் படிவத்தில் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

இதற்கு அவர் எதையும் பார்க்கவில்லை.

"பதினஞ்சு நாளுங்க. சம்சாரம் தவறிப்போச்சுன்னு வந்தனுங்க. அதுலதான் இந்தக் கணக்கும் தள்ளிப்போச்சு. வந்து எறங்குன நாளையும் சேத்தோணுங்களா?"

"சேக்கோணுங்க."

"காலைல சென்னைல எறங்கீட்டனுங்க. ஊடு வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. மொகத்தப் பாக்கலீங்க."

நாட்களுக்கான கட்டத்தில் கர்சரை வைத்தேன்.

"அன்னைக்கு நான் நம்ம நாட்டுலதான் இருந்தேன்னு எழுதுவீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்படியே எழுதீருங்க."

பதினாறு என்று பதிந்தேன். கணக்கு அன்றே தாக்கலாகிவிட்டது. அந்த ஒரு நாளைச் சேர்த்தது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் வலித்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.