உள்ளே விட்ட துணி

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் பூமாலைக்கு வாய் ரொம்ப நீளம். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊரையே திட்டுவாள். புருஷன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து ஒரு மிஷினும் அந்த வாயும்தான் அவளுக்குத் துணை. அப்போதெல்லாம் எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது. இன்றைக்கு அவளை யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லட்டும், நானே சண்டைக்குப் போவேன்.

என் மூத்தவள் கொளஞ்சி ஒன்பதாவது படித்த வருஷம் அது. வாயாடிப் பெண், வயதுக்கு வந்த சில மாதத்தில் பேச்சை நிறுத்தினாள். தங்கச்சியோடு சண்டை இல்லை. தட்டில் போட்டது பாதி அப்படியே இருக்கும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்ட விடியற்காலையில் நான் கிளம்பும்போது, தூங்காத கண்ணோடு வாசலில் உட்கார்ந்திருப்பாள். மலையிலிருந்து மூடுபனி இறங்கி வரும். தெருவை, வேப்பமரத்தை, எதிர்வீட்டு மாட்டை ஒவ்வொன்றாக மூடும். அவளையும் மூடும். "உள்ள வாடி" என்றால் வருவாள். கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது.

எனக்கு அதில் பெருமை வேறு! "பெரிய மனுஷி ஆனதும் எப்படி அடங்கிட்டா பாரு" என்று தெருவே மெச்சியது. அடக்கமாம் அடக்கம்! அதைக் கேட்டுப் பூரித்துப்போன என்னை எதால் அடிப்பது?

அவள் யூனிபார்ம் சுடிதாரைச் சிறிதாகப் பிடித்துத் தரச் சொல்லி மூன்று தடவை பூமாலையிடம் போனேன். மூன்றாம் தடவை முறைத்தாள். "பொண்ணு கரைஞ்சிகினே போறா. நீ துணியப் புடிக்கச் சொல்லிகினு இருக்கியே ரங்கம்மா!" உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, கொளஞ்சியே என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பொங்கல் துணி குவிந்து கிடந்தது. அவள் கையில் நீலத் தாவணி. சடங்குக்குத் தாய்மாமன் எடுத்துக் கொடுத்தது, உயிராக வைத்திருந்தாள்.

"இத வெட்டி தங்கச்சிக்கு கவுன் தச்சிடு அத்தை. எனக்கு வாணாம்."

மிஷின் நின்றது. பூமாலை கத்தரிக்கோலை எடுத்து மேஜைக்குள் போட்டு மூடினாள்.

"கண்ணு, செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"இன்னாக்கா கேக்கற நீ!" என்று நான் பாய்ந்தேன்.

"தோணுது அத்தை" என்றாள் என் மகள், எங்கோ தூரத்தில் இருந்து பேசுகிற மாதிரி. "ரொம்ப நாளா."

பூமாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தங்கச்சியும் இப்படித்தான் வளையலு, ரிப்பன்லாம் எல்லாருக்கும் குடுத்தா. நாங்க பாசம்னு நெனச்சிகினோம். போய்ட்டா. எழுந்திரு ரங்கம்மா, பூசாரி கீசாரின்னு வாயத் தொறக்காத. டாக்டர்கிட்ட போலாம்." பொங்கல் துணியை அப்படியே போட்டுவிட்டு ஷட்டரை இழுத்தாள்.

கள்ளக்குறிச்சி பஸ் பனிக்குள் மிதந்து போனது. இரண்டு பக்கமும் கரும்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் கொளஞ்சி தூங்கினாள். நான் கண்டது கனவா நிஜமா என்று புரியாமல் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா அவளோடு தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இது திமிரும் இல்ல, அடக்கமும் இல்ல, காத்து கருப்பும் இல்லம்மா. நோய். குணமாகும். இப்போதைக்குத் தனியா விடாதீங்க."

மாத்திரை, பேச்சு, வாராவாரம் பஸ். ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை. ஒரு வாரம் சிரிப்பாள், மறுவாரம் சுவரைப் பார்ப்பாள். நான் வேலைக்குப் போகும் நாளெல்லாம் பூமாலை அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டன் தைக்கச் சொன்னாள்.

ஆடியில் ஒரு நாள், யூனிபார்ம் இறுக்குகிறது என்றாள் கொளஞ்சி. கடைக்கு ஓடினோம். பூமாலை தையலைப் பிரிக்கப் பிரிக்க, மூன்று தடவை பிடித்த துணியும் வெட்டாமல் உள்ளே மடிந்து கிடந்தது.

"வெட்டிடுவேன்னு நெனச்சியா? புள்ள திரும்பி வருவான்னுதான் வுட்டு வச்சேன்."

"ரொம்பப் பிரிக்காதக்கா, தொளதொளன்னு ஆயிடும்" என்றேன், வழக்கம்போல.

"யம்மா, ஒனக்கு இன்னா தெரியும்? வாய மூடிகினு சும்மா இரு!" என்று கொளஞ்சி கத்தினாள்.

பெற்றவளை இப்படியா பேசுவது என்று கடையில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"இன்னொரு தடவ சொல்லுடி" என்றேன்.