கத்தியை வைத்து ஓட்டுப் போட்ட தேர்தல்

என் மருமகள் பல்கலைக்கழகத்தில் சேரும்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. போர்டிக்சன் பட்டணத்தில் வேலை, சனி ஞாயிறு படிப்பு. சரித்திரமும் அரசியலும் சேர்ந்த ஒரே பட்டம். இரண்டும் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகாதவனுக்கு ஒன்றே எதற்கென்று தெரியாது.

கடைசி வருடம் ஒரு கட்டுரை எழுத வேண்டும். லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்த கோயில் தேர்தலை எழுதுகிறேன் என்றாள். சரித்திர ஆசிரியர், இது அரசியல் என்று தள்ளினார். அரசியல் ஆசிரியை, கோயில் தகராறு எப்படித் தேர்தலாகும் என்று தள்ளினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டம் இல்லை.

"மாமா, நடந்தத சொல்லுங்க. சுத்தி வளைக்காம சொல்லுங்க லா."

சுற்றி வளைக்காமல் எனக்கு வராது. மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது, அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். பிறகு கணக்கு எழுதும் எங்கள் கிராணியின் சைக்கிள். அதற்கப்புறம்தான் மாரியம்மன் கோயிலுக்கு வந்தேன். கோயில் தலைவர் என்றால் எங்களை வேலை வாங்கும் கங்காணி வீட்டு ஆள்தான். ஒரு வருடம், பாலுக்காகப் பட்டை சீவி மரம் வெட்டுகிற நாங்கள் ஓட்டுப் போடுவோம் என்று நின்றோம். ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை, கங்காணி பக்கம் ஒரு வாளி, எங்கள் பக்கம் ஒரு வாளி. காலுக்கடியில் கொட்டை குவிந்து கிடக்கிற தோட்டத்தில் அதையே ஓட்டுச் சீட்டாக்கிய புத்திசாலிகள் நாங்கள். இருந்த ஆளைவிடக் கங்காணி வாளியில் கொட்டை அதிகம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மரம் சீவுற கத்தி ஆளுக்கு ஒண்ணுதான். அத யார் பக்கமோ அந்தப் பக்கமா கோயில் முன்னால வைக்கச் சொன்னோம். பிடியப் பாத்தாலே யாரு கத்தின்னு தெரியும். ஜெயிச்சோம்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "பொம்பளைங்களும் மரம் வெட்டினாங்களே. அவங்க கத்தி?"

"அதையும்தான் எண்ணினோம்."

"அதுக்கு முன்னால கோயில் விஷயத்துல அவங்கள யாராவது கேட்டிருக்கீங்களா?"

நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "மொதல் கத்தி என்னோடது. ஒங்க மாமா கங்காணிக்குப் பயந்து இடுப்புலயே வச்சிக்கிட்டு நின்னாரு. நாங்க வச்ச பொறவுதான் அவரு கை அசைஞ்சிச்சு."

உண்மைதான். இத்தனை வருடமாக அந்தக் கதையில் முதல் ஆளாக நான் இருந்தேன்.

கட்டுரையைப் பேசிக் காட்டும் நாளில் மருமகள் அத்தையை அழைத்துப் போனாள். நான் கூடப் போனேன். தாளில் என்ன ஆதாரம் என்றார் சரித்திர ஆசிரியர்.

என் மனைவி கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் சொன்னாள். "தாளு இல்ல. கத்திய வச்சவ வந்திருக்கேன், கேளுங்க."

"பயமா இல்லையா, மக்சிக்?" என்று மலாயில் அத்தை முறை வைத்துக் கேட்டார் அரசியல் ஆசிரியை.

"இல்லாமயா? மறுநாள் காலையில பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சிப் பேர் கூப்பிட்டு, எனக்கு மேட்டு நிரை மரங்களத்தான் குடுத்தாங்க. ஒரு வருசம் மலை ஏறி மரம் வெட்டினேன். ஆனா அந்தக் கோயில்ல அதுக்கப்புறம் எங்களக் கேக்காம ஒண்ணும் நடக்கல."

ஆசிரியர்கள் இரண்டு பேரும் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். மருமகள் எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னாள். கடைசியில் இது என் துறைக்கு என்றார் ஒருவர், இல்லை எனக்கு என்றார் மற்றவர். இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

புத்தகமாகக் கட்டி வந்ததும் என் மனைவி அதைத் தடவிப் பார்த்தாள். "என் பேரு இருக்கா?"

"மொத பக்கத்துலயே இருக்கு அத்தை."

"ஒங்க மாமா பேரு?"

"நாப்பதாம் பக்கத்துல. கீழ, சின்ன எழுத்துல."

இருக்கட்டும். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தையும் நானே பிரித்துக் காட்டினேன்.