மதுரை ராட்டினத்தில் முன்பாரம்

என் நாக்கு எங்கள் குடும்பத்துக்குச் செய்த கெடுதல்களில் முதலிடம் மறுவீட்டு விருந்துக்குத்தான். மதுரையில், மகளைக் கொடுத்த வீட்டுப் பந்தியில் ரசம் ஊற்றினார்கள். நான் இலையைப் பார்த்து, “வைகையில தண்ணி இல்லேங்கிறாக, எல்லாம் இங்கன வந்துருச்சு போல” என்றேன். பந்தி சிரித்தது. சம்பந்தி சிரிக்கவில்லை. அதன்பின் ஒரு வருஷமாக மகளை எங்கள் தேனிப் பக்கம் அனுப்பவும் இல்லை, எங்களை வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடவும் இல்லை. அழைக்காத சம்பந்தி வீட்டுப் படியேறுவது எங்களில் வழக்கமில்லை. நானாவது மீறியிருப்பேன், என் மனைவி மீறமாட்டாள்.

சித்திரைத் திருவிழாவுக்கு வைகை மணலில் பெரிய ராட்டினம் நட்டிருக்கிறார்கள், உச்சிக்குப் போனால் மதுரை முழுக்கத் தெரிகிறது என்று மதுரை போய்வந்த வண்டிக்காரர் சொன்னார். வடகரைத் தெருக்கள் தெரியுமா என்று மட்டும் மனைவி கேட்டாள். சம்பந்தி வீடு வடகரையில். மறுநாளே அவர் வண்டியில் புறப்பட்டோம்.

ஆண்டிபட்டிக் கணவாயில் ஏற்றம் வந்தால் வண்டிக்காரர் எங்களை முன்னால் நகரச் சொல்வார். இறக்கம் வந்தால் பின்னால். முன்பாரமும் பின்பாரமும் ஒத்து நிற்காவிட்டால் மாடு என்ன பாடுபடும் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். பிறந்தது முதல் இப்படி நகர்ந்து நகர்ந்தே பயணம் போனவர்கள் நாங்கள்.

எங்கள் பக்கத்து வீரபாண்டித் திருவிழாவில் நான் பார்த்த ராட்டினம் இந்த மதுரை ராட்டினத்தின் முழங்காலுக்குத்தான் வரும். எட்டுப் பெட்டிகள், ஆறு ஆட்கள் சட்டங்களைப் பற்றித் தொங்கிச் சுற்றினார்கள். அத்தனை பாரம் ஏறியும் ஒரு மூட்டுகூட முனகவில்லை. வானத்தில் பறந்த தேர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அச்சு எங்கே இருந்தது என்று எழுதியவர் ஒருவரும் சொன்னதில்லை. இங்கே கண்ணெதிரே இருந்தது, விளக்கெண்ணெய் மினுங்க. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

நாங்கள் ஏறிய பெட்டி மேலே கிளம்பியதும் இருவரும் பேசிவைத்தாற்போல முன்னால் நகர்ந்தோம். கம்பியில் தொங்கும் பெட்டி குப்புறச் சாய்ந்தது. இறங்கும்போது பின்னால் நகர்ந்தோம், மல்லாந்தது. முதல் சுற்றில் நான் மதுரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். இரண்டாம் சுற்றில் பெட்டி தொட்டிலாகவே ஆடியது. பக்கத்துப் பெட்டிக்காரர்கள் என் பரம்பரையை விசாரித்தார்கள். ராட்டினக்காரர் எங்களைச் சரியாக உச்சியில் நிறுத்தி, ஆட்டம் நிற்கும்வரை சுற்றமாட்டேன் என்று கீழிருந்து சத்தம் போட்டார்.

கோபுரங்கள், தென்னந்தோப்பு, ஓட்டுக்கூரை வரிசை. மனிதக் கைகள் மரத்தை அடுக்கி என்னை இவ்வளவு உயரத்தில் வைத்திருப்பதை நினைத்துப் பயத்தையும் மறந்தேன். மனைவி என் தோளைத் தொட்டு வடகரைப் பக்கம் காட்டினாள்.

“அந்தா, மாடியில. வடகம் காயப்போடுறா.”

எனக்கு ஒரு மஞ்சள் சேலை மட்டும் தெரிந்தது.

“இடுப்புல கையை ஊனி எந்திரிக்கிறா பாருங்க,” என்றாள் மெதுவாக. “ஆறு மாசம் இருக்கும்.”

அந்தச் சேதிகூட எங்களுக்கு வந்திருக்கவில்லை. என் ரசத்தின் விலை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆட்டம் அடங்கியது. ராட்டினக்காரர் சட்டத்தில் கைவைத்தார்.

“முன்னால நகருங்க,” என்றாள் மனைவி.

நகர்ந்தேன். அவளும் நகர்ந்தாள். பெட்டி மறுபடி ஆடியது. அவர் கையை எடுத்துவிட்டார். இப்படி மூன்று முறை, மகள் வடகத்தை விரித்து முடித்துக் கீழே இறங்கும்வரை.

மணலில் இறங்கியதும், மாசமாக இருப்பவளைப் பார்க்கப் பெற்றவளுக்கு அழைப்பு வேண்டியதில்லை என்று வழக்கத்தை மனைவியே திருத்தினாள். எனக்கு ஒரே கட்டளை: “நீங்க அங்கன வாயைத் திறக்கக் கூடாது.”

சம்பந்தி எங்களை வாசலில் கண்டு திகைத்தார். ஆனாலும் இலை போட்டார். மகள் ரசம் ஊற்றினாள். வைகை என் நாக்கு நுனிவரை வந்தது, ரசத்தோடு விழுங்கினேன். கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தி, எனக்கு உடம்புக்கு என்ன என்று என் மனைவியிடம் கேட்டார்.

“ராட்டினம் ஏறுனாக. அதுலருந்து இப்படித்தான் இருக்காக.”

அவர் முதன்முறையாக என்னை இரக்கத்தோடு பார்த்தார். மகளைத் தேனிக்கு அழைத்துப்போக நல்ல நாள் பார்க்கச் சொன்னார். எனக்கு இன்னொரு கரண்டி ரசமும் ஊற்றச் சொன்னார்.