விசிலைக் கவ்விய தாடை

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். டிரைவர் என் அக்கா புருஷன். எட்டு மாதமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரு விசில் அடித்தால் நிறுத்துவார், இரண்டு அடித்தால் எடுப்பார். எங்கள் சொந்தபந்தம் அந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் ஒரு காதுகுத்து. அக்காவின் மூத்த மகளைத் தாய்மாமன் மடியில், அதாவது என் மடியில், உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். நான் சீர்த்தட்டோடு வந்து சேர்வதற்குள், நல்ல நேரம் முடியப்போகிறதென்று பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். கால் மணி நேரம் பொறுக்கக் கூடாதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு மூடிய வாய்தான்.

விசிலை வாயிலிருந்து எடுத்தால் மச்சானிடம் எதையாவது சொல்ல வேண்டி வரும். அதனால் காலையில் பல்லில் கவ்வினால் கடைசி நடையில்தான் எடுப்பேன். கொஞ்ச நாளில் இடது தாடையில் வலி பிடித்தது. இட்லியைக்கூடப் பிய்த்துப் பிய்த்துச் செருகினேன். கொட்டாவி விடப் பயம். சொத்தைதான் என்று நானே முடிவு கட்டி, பல் நன்றாக இருக்கிறது என்று சொன்ன டாக்டரிடம் அடம்பிடித்துக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பல்தான் போனது. ஊர்ப் பெயரைக் கூவக்கூட முடியாத கண்டக்டர் எதற்கு, இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மறுபடியும் அதே டாக்டரிடம் ஓடினேன். கன்னத்தில் விரலை வைத்துப் பல்லைக் கடிக்கச் சொன்னார். சதை கல்லாக இருக்கிறது, எதைக் கடிக்கிறீர் என்று கேட்டார். விசிலைக் காட்டினேன்.

"இது பகலுக்குச் சரி. பல்லெல்லாம் தேஞ்சு கெடக்கே, தூக்கத்துல யாரைக் கடிக்கீரு?"

விசிலைக் கையில் பிடிக்கவும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், மனதில் இருப்பதைச் சொல்லித் தொலைக்கவும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் வன்னியம்பட்டி விலக்கில் ஆள் ஏறி முடிந்தது. விசில் சட்டைப் பையில் இருந்தது; இரண்டு கையிலும் டிக்கெட்டும் சில்லறையும். பஸ் நின்றபடியே நிற்க, ஜனங்கள் என்னையே பார்த்தார்கள். வேறு வழியில்லை.

"போலாம் மச்சான்."

அவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், முகத்தைச் சுளித்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"வலது. போன மாசம் ஒரு பல்லைப் புடுங்கிட்டேன் மாப்ள. வலி கேக்க மாட்டேங்கு."

"நல்ல பல்லுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு."

பஸ்ஸே வேடிக்கை பார்க்க, ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க வலித்தது. கோர்ட்டுக்கு நேரமாகிறது, வண்டியை எடுங்கள் என்று யாரோ சத்தம் போட்டார். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

"சின்னவளுக்குத் தையில காதுகுத்து. நல்ல நேரம் போனாலும் போகட்டும். நீ வந்து உக்காராம ஆசாரி ஊசிய எடுக்க மாட்டாரு."

நான் அடுத்த நிறுத்தத்தின் பெயரை வாயை முழுசாகத் திறந்து கூவினேன்.