வேப்பிலைக்கு அடங்காத நோய்

அம்சவேணிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்ட மலைமேல் குண்டனி நாட்டு ஜனத்துக்கு ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

1999-ல் அன்னாசிப்பழம் ஏற்றிய டெம்போ மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. சந்தைக்குப் போக அதில் ஏறியிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அம்சவேணி, இன்னொருத்தி பாப்பாயி. சின்ன வயதிலிருந்தே சேர்ந்து களையெடுத்தவர்கள். பாப்பாயி இவள் மடியிலேயே செத்தாள். ஆள் வரும்வரை அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு அம்சவேணி உட்கார்ந்திருந்தாள்.

முறிந்த கால் கூடிவிட்டது. ஆனால் பிரேக் கருகும் வாசம் அடித்தால் போதும், அவளுக்கு வேர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும். தூக்கத்தில் அலறி எழுவாள். பாத்திரம் கீழே விழுந்தால்கூடச் சண்டைக்குப் போவாள். அடிவாரத்து டாக்டர் ஒருவர் முகத்தையே பார்க்காமல் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக் கொடுத்தார். பூசாரி அதைவிடக் கெட்டிக்காரர். செத்தவள் இவள்மேல் ஏறிவிட்டாள், ஏறிய இடத்தில்தான் இறக்க வேண்டும் என்றார்.

அப்புறமென்ன! அமாவாசைதோறும் கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றி அந்த வளைவுக்கே கொண்டுபோனார்கள். எந்த இடத்தை நினைத்தாலே அவளுக்கு உயிர் போகிறதோ, அங்கேயே நிறுத்தி வேப்பிலையால் விளாசினார்கள். அவள் கைகாலை உதறி மயங்கி விழுந்தால், "பாருங்க, பேய் ஆடுது" என்று அடுத்த அமாவாசைக்குப் பலிச் சேவல் விலை பேசுவார்கள். இந்த லட்சணத்தில் இதற்குப் பெயர் வைத்தியமாம்! புருஷன் காளியண்ணன் நல்ல மனுஷன்தான். அவள் கையைக் கயிற்றால் கட்டியதும் அந்த நல்ல மனுஷன்தான்.

மலைமேலேயே சோளக்காடு என்ற ஊரில் மாதம் ஒருமுறை மருத்துவ முகாம் போட ஆரம்பித்தார்கள். மனநல டாக்டர் நஸ்லின் அடிவாரத்து மளிகைக் கடைக்காரர் மகள். அம்சவேணியை அங்கே கூட்டிப்போன காளியண்ணன் பேய்க்கதையை எடுத்ததுமே கையமர்த்தினார்.

"நீங்க இருங்க. அக்கா சொல்லட்டும். அன்னிக்கு என்னக்கா நடந்துச்சு?"

அதுவரை யாருமே கேட்காத கேள்வி. அம்சவேணி திக்கித் திக்கிச் சொன்னாள்.

"இது பேய் இல்லக்கா. இந்த மாதிரி விபத்துல தப்பிச்சவங்களுக்கு வர்ற நோய். வைத்தியம் இருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"இத்தன நாளா எங்கீங்க இருந்தீங்க?" என்று டாக்டர்மேலேயே எரிந்து விழுந்தாள் அம்சவேணி. ஆனாலும் மறுமாதமும் போனாள். மாத்திரையில் தூக்கம் கொஞ்சம் வந்தது. பிறகொரு முறை, "ஒருநாள் அந்த வளைவுக்குப் போகணும்க்கா" என்று டாக்டர் சொன்னதும் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தாள்.

"நீங்களும் அந்தப் பூசாரியும் ஒண்ணுதானுங்களா?"

"அவங்க உங்கள இழுத்துட்டுப் போனாங்க. இப்ப நீங்க சொன்னாத்தான் போறது. போதும்னா அங்கயே திரும்பிடலாம்."

முதலில், ஓடாமல் நின்ற பஸ்ஸில் வெறுமனே உட்கார்ந்தாள். பிறகு ஓடுகிற பஸ்ஸில் ஒரு வளைவு. ஒரு தடவை பாதி வழியில் "நிறுத்துங்க!" என்று கத்தினாள். பஸ்ஸே முணுமுணுத்தது. முணுமுணுத்தால் என்ன? டிரைவர் நிறுத்தினார், இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அடுத்த வாரம் தானாகவே பஸ் ஏறினாள்.

பல மாதம் கழித்து, காளியண்ணனோடு அந்த வளைவில் இறங்கினாள். உடம்பு நடுங்கியது. விழவில்லை. சற்று நேரம் பள்ளத்தையே பார்த்தவள், குரலெடுத்து ஓவென்று அழுதாள். காளியண்ணன் பதறிப்போய் மடியிலிருந்த திருநீற்றை எடுத்தான்.

"பாப்பாயி வந்துட்டாளா சாமி?"

அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"வந்தா வந்துட்டுப் போறா! அவ என்ற கூட்டாளிங்க. என்ற மடியில செத்தவளப் பேயின்னு சொல்லி எத்தன அமாவாசைக்கு அடிச்சீங்க? உங்க பேச்சக் கேட்டு நானும் அவள நெனைக்கவே பயந்துட்டனே! அவளுக்குன்னு ஒருக்கா அழுவக்கூட வுடலியே நீங்க!"

காளியண்ணன் திருநீற்றைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டான். அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றான்.